படத்துக்குப் போட்ட மாலை

முடிச்சூர்
12.9.88

என் கண்ணு ரேணுகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்டு இரண்டு மாதமாக எழுதிய எந்தக் கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. அதனால் இந்த முறை கேட்கப்போவதில்லை. நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

நம் வயல் இருந்த பக்கமெல்லாம் மனை பிரித்து மஞ்சள் கல் நட்டுவிட்டார்கள். வீடு கட்ட வருகிறவர்கள் எல்லோரும் உங்கப்பாவிடம்தான் சிமெண்ட் வாங்குகிறார்கள். காலையில் கடைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறார். வீட்டில் நானும் ரேடியோவும்தான். அது பேசும், நான் பதில் சொல்வேன்.

நீ போன வருஷம் சிங்கப்பூர் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் வெண்கலப் பதக்கத்தோடு நின்ற படத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். பல்லாவரத்திலிருந்து உன் அங்காளம்மா அத்தை வந்தாள். படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மெடலு குட்த்தவன் ஒரு பாவாட குட்க்கக் கூடாதா?" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தன் தம்பி மகள் என்றால் அவளுக்கு உரிமை அதிகம்தானே.

பிறகு அடுப்படிக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "இன்னாடி கிளி, தை பொறந்தா பொண்ணுக்குப் பதினாறு முடியுது. இன்னும் ஒண்ணையும் காணோமே, டாக்டராண்ட காட்னியா?" என்று கேட்டாள். அவள் பெண் பன்னிரண்டு வயதில் பெரியவளானாள். எனக்கும் அதே வயதுதான். பால் பொங்குகிறது என்று திரும்பிக்கொண்டேன். அடுப்பில் பாலே இல்லை.

ரேணு, ஏதாவது உண்டா? இருந்தால் ஒரு வரி எழுது. தந்தி வேண்டாம், தந்தி என்றாலே உங்கப்பா நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். நீ பெரியவளானதும் பொங்கல் வைப்பதாகப் பொன்னியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. சப்பாத்தி என்றால் சப்பாத்தி, அதையாவது சாப்பிடு.

உன் அம்மா
கிளியம்மாள்


கேம்ப் விடுதி, டெல்லி
30.9.88

அன்பு அம்மா,

ஒன்றும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க நீ அதையே தேடுவாய்.

பொன்னியம்மனிடம் கேட்பதைத் தயவுசெய்து நிறுத்து. நானும் அவளிடம்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன், வர வேண்டாம் என்று. ஒரே அம்மனிடம் தாய் ஒன்று கேட்டு மகள் வேறொன்று கேட்டால் அவள் யார் பேச்சைக் கேட்பாள்?

இங்கே திங்கட்கிழமைதோறும் எடை பார்ப்பார்கள். சுவரில் பென்சிலால் கோடு போட்டு உயரம் குறிப்பார்கள். என் அறையில் ஷிப்ரா என்று திரிபுராப் பெண் ஒருத்தி இருந்தாள் என்று எழுதியிருந்தேனே. ஜூலையில் அவள் பெரியவளானாள். இரண்டே மாதத்தில் உடம்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு செய்த வித்தையில் எல்லாம் விழுந்தாள். கோச் திட்டவில்லை, அதுதான் பயம். திட்டுவதை நிறுத்திவிட்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார். இப்போது அறையில் நான் மட்டும்தான். அவள் கட்டில் மீது என் துணிகளைப் பரப்பி வைத்திருக்கிறேன், காலியாகத் தெரியக் கூடாது என்று.

தமிழ் பேச ஒருவரும் இல்லை. பீம் மீது ஏறும்போது அதனிடம் தமிழில் பேசுகிறேன். என் நெஞ்சு உயரத்தில் நீளமாக ஒரு கட்டை, அம்மா. ஒரு பாதம் வைத்தால் பக்கத்தில் மறு பாதத்துக்கு இடம் கிடையாது. அதன் மேல்தான் ஓட வேண்டும், குதிக்க வேண்டும், பின்பக்கமாகக் கரணம் அடிக்க வேண்டும். "தள்ளிவிடாதே தாயே" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறேன். கோச் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரலில் தாஷ்கண்டில் சர்வதேசப் போட்டி. நான்கு பெண்களை அனுப்புவார்கள். மார்ச்சில் பெயர் சொல்வார்கள். வேதசிரோமணி டீச்சர் ஏழு வயதில் என்னைப் பள்ளிக்கூடத்துக் கோணிப்பை மெத்தையில் குதிக்கவிட்ட நாளிலிருந்து இதற்காகத்தான். அதுவரைக்கும் நான் இப்படியே இருக்க வேண்டும். இங்கே வரும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். கடுமையாகப் பயிற்சி செய்கிற பெண்களுக்குத் தாமதமாவது உண்டு, அது வியாதி இல்லை என்றார். அத்தையிடம் சொல்.

எனக்கு உன் கையால் ஒரு பிடி ரசம் சோறு வேண்டும். எடை பார்க்கிற நாள் தவிர்த்து எந்த நாளானாலும் சரி.

ரேணு


முடிச்சூர்
14.11.88

ரேணுவுக்கு,

உன் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்து, எடுத்து எடுத்துப் படிக்கிறேன். அந்தக் கட்டில் காலியாகத் தெரியக் கூடாது என்று எழுதினாயே, அந்த இடத்துக்கு மேல் என்னால் போக முடியவில்லை. என் வீட்டிலும் உன் பாயை நான் சுருட்டவில்லை.

ஒன்று நடந்துவிட்டது. கோபப்படாமல் படி.

சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் நம் ஜனம் அத்தனையும் உட்கார்ந்திருக்கிறது. டாக்டரம்மா சொன்னதை நான் அத்தையிடம் ரகசியமாகச் சொன்னேன். அவள் இலைக்கு அந்தப்புறம் இருந்தவளிடம் உரக்கச் சொன்னாள்: "கொரங்கு வித்த காட்டிக் காட்டி உள்ள இருக்கறதெல்லாம் கொயம்பிப் பூட்ச்சு. இனிமே அது எங்க ஆவப்போவுது? ஒண்ணு சொல்றேன், பொண்ண அனுப்பிட்டு ஆம்பளப் புள்ளய வாங்கினு வரப்போறா இவ."

எல்லோரும் சிரித்தார்கள். பிசைந்த சோற்றை இலையிலேயே போட்டேன். "அவ ஒக்காந்து ஒரு மாசம் ஆவுது. டெல்லியிலியே. கண்ணு பட்ரும்னு சொல்லல" என்று சொல்லிவிட்டேன். நான்தான் சொன்னேனா என்று எனக்கே ஆச்சரியம்.

அதோடு விட்டார்களா? எந்தக் கிழமை, எத்தனை மணி, என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ருது ஜாதகம் எழுத அதெல்லாம் வேண்டுமே. வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி, பச்சைப் பாவாடை என்றேன். உனக்குப் பச்சைப் பாவாடையே கிடையாது. வைத்தீஸ்வரன் ஜோசியர் அதை வைத்துக் கட்டம் போட்டு, பெண் கடல் தாண்டுவாள், மாப்பிள்ளை சர்க்கார் உத்தியோகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். நான் மூடிவிட்டேன்.

ஆனால் உன் பக்தவச்சலம் மாமா கீழ்க்கட்டளையிலிருந்து ஓடிவந்தான். "எனக்கு ஏங்க்கா சொல்லல? நான் தாய்மாமன் இல்லியா?" என்று குழந்தை மாதிரி அழுதான். அவனிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் வாயில் எதுவும் நிற்காது. தையில் சீர் கொண்டுவந்தே தீருவேன் என்கிறான். உனக்கு லீவு கிடைக்காது என்றேன். "பொண்ணு வர்லன்னா இன்னாக்கா? போட்டோ கீதுல்ல" என்கிறான்.

நீ எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இரு. எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா


டெல்லி
2.12.88

அம்மா,

நீ என் பெயரில் ஏதோ ஒரு பெண்ணைப் பெரியவளாக்கியிருக்கிறாய். அவளுக்குப் பச்சைப் பாவாடை, ஜாதகம், சர்க்கார் மாப்பிள்ளை எல்லாம் கொடுத்திருக்கிறாய். அவளையே வைத்துக்கொள்.

நான் இங்கே எடை ஏறக் கூடாது என்று பாதி ரொட்டியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்திருக்கிறேன். பின்கரணத்தில் விழுந்து முழங்கையில் தோல் இல்லை. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. நான் வந்தேனா வரவில்லையா என்பதுதான் உங்கள் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது.

சீர் வேண்டாம். மாமாவிடம் சொல்லி நிறுத்து.

ரேணுகா


முடிச்சூர்
24.1.89

ரேணு கண்ணு,

நிறுத்த முடியவில்லை. மாமா பட்டுப்புடவை எடுத்து, பத்திரிகை அடித்து, மேளத்துக்குச் சொல்லிவிட்டான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை வாசலில் பந்தல் போட்டோம். மாமா வேன் பிடித்துத் தட்டுகளோடு வந்து இறங்கினான். அத்தை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைக்கூட விட்டுவிட்டு விடிவதற்குள் வந்துவிட்டாள், அவள் வாழ்நாளில் அது பெரிய தியாகம். நடுவில் நாற்காலி போட்டு, உன் சிங்கப்பூர் படத்தை அதில் சாய்த்து வைத்தோம். "ஐயே, தொடையக் காட்டிகினு கீது பாரு, மேல எதனா போத்துங்கடி" என்றாள் அத்தை. மாமா கொண்டுவந்த அரக்குப் பட்டைப் படத்தைச் சுற்றிக் கட்டினார்கள். உன் முகம் மட்டும் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாய். பெண்கள் உன் படத்தைக் கேலி செய்தார்கள், நலங்கு மஞ்சளைக் கண்ணாடிக் கன்னத்தில் பூசினார்கள். பொய்தான் என்று மறந்து நானும் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தேன். உன்னிடம் மறைக்க மாட்டேன்.

பிறகு மாமா மாலையை எடுத்தான். தாய்மாமன் மாலை போடுவது முறை, அவன் முறை தவறாதவன். ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டிய பெரிய மாலை. அதை உன் படத்துக்குப் போட்டான். போட்டுவிட்டு, சரியாக இருக்கிறதா என்று ஓரடி பின்னால் நகர்ந்து பார்த்தான்.

மேளக்காரர் தாமாகவே நிறுத்திவிட்டார். குத்துவிளக்கு எரிகிறது, ஊதுவத்தி புகைகிறது, நடுவில் மாலை போட்ட படம். எந்த வீட்டில் படத்துக்கு மாலை போடுவார்கள் என்று அங்கே இருந்த சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மாலையைப் பிய்த்து எறிந்தேன். நார் அறுத்து விரலில் ரத்தம். மாமா தரையில் உட்கார்ந்து, "தெரியாம பண்ட்டேங்க்கா, தெரியாம பண்ட்டேங்க்கா" என்று தலையில் அடித்துக்கொண்டான். அத்தைதான் முதலில் ஓடினாள். உப்பும் மிளகாயும் அள்ளிவந்து உன் படத்தைச் சுற்றிச் சுற்றிக் கழித்துத் தெருவில் போட்டாள். போடும்போது அவளும் அழுதாள். வந்தவர்கள் சாப்பிட்டார்கள். யாரும் இரண்டாவது முறை பாயசம் கேட்கவில்லை.

படத்தைப் புடவையோடு அப்படியே பீரோவில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

நீ நன்றாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உன் கையெழுத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வரி போடு. திட்டியாவது போடு.

அம்மா


முடிச்சூர்
14.3.89

ரேணு,

தபால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். அவருக்கும் பாவம், இல்லை இல்லை என்று எத்தனை நாள் சொல்வார்.

தாஷ்கண்ட் போகும் நான்கு பேரில் நீயும் இருக்கிறாய் என்று பேப்பரில் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. உங்கப்பா கடையில் படித்துவிட்டு, வேலையைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு வந்து காட்டினார். உன் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். ஆனாலும் நீதான். பேப்பர்க்காரனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை பார்.

முழங்கை ஆறிவிட்டதா? அதைக் கேட்கத்தான் எழுதினேன்.

அங்கே குளிரும். கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்.

அம்மா


தாஷ்கண்ட்
18.4.89

அம்மா,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. எழுதக் கூடாது என்றுதான் எழுதவில்லை. மாலை பற்றிய கடிதத்தைப் படித்ததிலிருந்து, எழுதினால் செத்துப்போன ஒருத்தி எழுதுவது போல இருக்கும் என்று தோன்றியது. அந்த வீட்டில் எல்லாவற்றையும் எனக்குச் செய்து முடித்துவிட்டார்கள், இனி எனக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்தேன். முழங்கை ஆறிவிட்டது.

இன்று போட்டி. இன்று காலையில் நான் பெரியவளானேன்.

எழுதிப் பார்த்துவிட்டேன். உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. கோச்சிடம் சொன்னால் அந்த நிமிஷத்திலிருந்து என்னை ஷிப்ராவாகப் பார்ப்பார். கூட வந்த பெண்களிடம் சொன்னால் அவர்கள் பயந்துபோவார்கள். குளியலறையில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நின்றேன். இன்று எங்களுக்கு வெள்ளை உடை, அம்மா. கழுத்திலிருந்து இடுப்பு வரை வெள்ளை. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். முதலில் நீ ஞாபகம் வந்தாய். பிறகு, நீ ஏற்கெனவே எல்லோருக்கும் சொல்லிவிட்டாய் என்பது ஞாபகம் வந்தது. சொல்வதற்கு ஒரு செய்தி இருந்தும், கேட்பதற்கு ஆள் தீர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

தரை துடைக்கிற அம்மா ஒருவர் கதவைத் தட்டினார். திறந்தேன். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த உடையைப் பார்த்தார். போய்ப் பஞ்சும் துணியும் கொண்டுவந்து கொடுத்தார். நான் வெளியே வந்ததும், தன் தலையில் கட்டியிருந்த பூப்போட்ட துணியை அவிழ்த்து என் தோளைச் சுற்றிப் போட்டார். கன்னத்தைப் பிடித்து ஏதோ சொன்னார். அப்போதுதான் அழுதேன். சத்தமாகவே அழுதேன்.

போட்டியில் தரைப் பயிற்சியில் கோட்டைத் தாண்டிவிட்டேன், அதற்கு மார்க் குறைப்பார்கள். ஆனால் பீமில் விழவில்லை. என் உடையைப் பற்றிய பயத்தில் விழுவதைப் பற்றிப் பயப்பட மறந்துவிட்டேன். பின்கரணம் அடித்து நின்றபோது கால் கட்டையிலேயே ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. நான்கு பேரில் பீமில் எனக்குத்தான் அதிகம். மொத்தத்தில் பட்டியலின் கீழ்ப்பக்கம்தான் இருக்கிறோம், எல்லோரும். உடையில் ஒரு பொட்டுக் கறை இல்லை. அது எனக்குப் பதக்கம் மாதிரி இருக்கிறது, ஆனால் யாரிடம் காட்டுவது?

உன்னிடம் கோபம் இல்லை என்று எழுத ஆசை. இருக்கிறது. இருந்தாலும் உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரேணு


முடிச்சூர்
11.5.89

என் ராஜாத்தி,

உன் கடிதம் நேற்று வந்தது. வாசலிலேயே நின்று படித்தேன். படித்துவிட்டு அப்படியே நின்றேன். எதிர்வீட்டுக்காரி, "இன்னாக்கா, பொண்ணு லெட்டரா, நல்ல சேதியா?" என்றாள். ஆமாம் என்றேன். என்ன சேதி என்றாள். பீமில் விழவில்லையாம் என்றேன். "அதுக்கா இம்மா சந்தோசம்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

உனக்குக் கேட்க ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. என் பெண் பெரியவளாகிவிட்டாள் என்று தெருவெல்லாம் கூவ வேண்டும் போல இருக்கிறது. கூவினால், "அதான் தையிலியே சடங்கு ஆச்சே" என்பார்கள். நானே என் வாயை அடைத்துக்கொண்டேன்.

உளுந்து வறுத்து அரைத்து, கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் விட்டுக் களி கிண்டினேன். உங்கப்பா பார்த்துவிட்டு, இன்றைக்கு ஏன் இது என்றார். வாய் கேட்டது என்றேன். உனக்கு ஊட்ட வேண்டிய களியை நானே உட்கார்ந்து முழுக்கச் சாப்பிட்டேன். கண்ணீரோடு சாப்பிட்டால் களி உப்புக் கரிக்கிறது.

பீரோவைத் திறந்து உன் படத்தை எடுத்தேன். புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டேன், அது நீ கட்டிக்கொள்ள வேண்டியது. படத்தைத் துடைத்துப் பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன், நீ எப்படி நின்றாயோ அப்படியே. அத்தை வந்து பார்க்கட்டும்.

அந்த ஊர் அம்மாவின் துணியைத் தொலைத்துவிடாதே. அவருக்கு நான் கடன்பட்டவள். நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் அவர் நின்றார்.

ரேணு, எனக்கு ஒன்று தெரிய வேண்டும். எந்தக் கிழமை, எத்தனை மணி, என்ன உடுத்தியிருந்தாய்? ஜோசியரிடம் போக மாட்டேன். அத்தையிடமோ மாமாவிடமோ சொல்ல மாட்டேன். உங்கப்பாவிடம்கூடச் சொல்ல மாட்டேன். பொய்யாக ஒரு நேரத்தை ஊரெல்லாம் சொன்னேன். உண்மையான நேரம் எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

நீ எப்போது வந்தாலும் சரி, கதவைச் சாத்திக்கொண்டு கிணற்றடியில் உன் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவேன். நீயும் நானும் மட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்.

அம்மா


டெல்லி
24.5.89

அம்மா,

அடுத்த கேம்புக்கான பெயர்களை ஒட்டிவிட்டார்கள். என் பெயர் இல்லை. சுவரில் என் பென்சில் கோடு போன தடவையைவிட இரண்டு விரல் மேலே போயிருக்கிறது. கோச் என்னைத் திட்டுவதை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. இன்று டிக்கெட்டைக் கொடுத்தார். தாஷ்கண்ட் பீமைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், நல்ல வார்த்தைதான்.

ஆளில்லாத நேரத்தில் போய் ஒரு தடவை பீம் மீது ஏறினேன். வித்தை எதுவும் செய்யவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்துவிட்டு இறங்கினேன். இறங்கும்போது போய்வருகிறேன் தாயே என்றேன். இனி அதனிடம் தமிழ் பேச யாரும் இல்லை. ஷிப்ராவின் கட்டிலிலிருந்து என் துணிகளை எடுத்துவிட்டேன். அறையில் இப்போது இரண்டு கட்டிலும் காலி.

அடுத்த வாரம் சனிக்கிழமை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். சென்ட்ரலுக்கு நீ மட்டும் வா. மாமாவை அழைத்து வராதே. மாலை எதுவும் வேண்டாம்.

நீ கேட்டது: செவ்வாய்க்கிழமை. மணி ஏழு ஆகப்போன நேரம், ஜன்னலுக்கு வெளியே அப்போதுதான் வெயில் வந்திருந்தது. உடுத்தியிருந்தது நீலச் சட்டை, நீலக் கால்சட்டை, முதுகில் இந்தியா என்று எழுதியது. பாவாடை இல்லை, அம்மா.

உன்
ரேணு